ஆறாவது ஆண்டு

கடன் வாங்கிப் படித்தால் அதை அடைக்கும் அளவுக்குச் சம்பளம் வருமா என்ற கணக்கு, சென்னையிலும் லண்டனிலும் உள்ள நம்மவர் வீடுகளில் பிள்ளை பள்ளியிறுதி வகுப்பை எட்டுமுன்பே தொடங்கிவிடுகிறது. தமிழ்நாட்டில் வங்கிகள் ஓரளவு தொகை வரை பிணையின்றிக் கல்விக் கடன் கொடுக்கின்றன. ஆயினும் தத்துவமோ சரித்திரமோ படிக்கவென்று அக்கடனைக் கேட்டுப் போகும் குடும்பம் அபூர்வம். இங்கிலாந்திலோ, 2012 முதல் வருஷக் கட்டணம் ஒன்பதாயிரம் பவுன் வரை உயர்ந்தபின், இலக்கிய மாணவனும் பொறியியல் மாணவனும் ஏறத்தாழ ஒரே பாரத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு வெவ்வேறு ஊதியங்களை நோக்கிப் புறப்படுகிறார்கள். கோப்பன்ஹேகனில் குடியிருக்கும் நமக்கு அந்த விசாரம் இல்லை என்று ஊரிலிருந்து எழுதும் நண்பர்கள் எண்ணுகிறார்கள். பாதிதான் சரி.

1479இல் தோன்றிய இந்நகரத்துச் சர்வகலாசாலையில் டென்மார்க்குப் பிரஜையோ ஐரோப்பிய ஒன்றியத்துப் பிரஜையோ கட்டணமென்று ஒரு குரோனரும் செலுத்துவதில்லை என்பதோடு, எஸ்.யு. என்று எல்லார் நாவிலும் பழகிவிட்ட அரசாங்க உதவித்தொகையும், பெற்றோர் வீட்டை விட்டுத் தனியே வசிக்கும் மாணவனுக்கு மாதந்தோறும் வரிக்கு முன் சுமார் ஏழாயிரம் குரோனர் கொடுத்துவருகிறது. போதாதென்றால் சர்க்காரிடமே கடனும் வாங்கலாம். படிக்கும் காலத்தில் அதற்கு நான்கு சதவீத வட்டி. (தமிழ்நாட்டிலிருந்து நேரே வந்து சேரும் மாணவனுக்கு இந்தச் சலுகைகள் பொதுவாக எட்டுவதில்லை, 2006 முதல் அவன் கட்டணம் செலுத்தியே படிக்கிறான்.)

மாணவன் தலையில் கட்டணக் கடன் இல்லாத நாட்டில் கணக்கைச் சர்க்கார் பார்க்கிறது. வரி கொடுப்பவன் தன் பணம் எங்கே போகிறது என்று கேட்பதில் அநியாயம் ஒன்றுமில்லை. கேட்கும் விதத்தில்தான் நமக்குப் பிணக்கு. 2014இல் வந்த ஏற்பாட்டின்படி, ஒரு துறையில் பட்டம் பெற்றவர்களிடையே வேலையின்மை, பட்டம் பெற்ற இரண்டாம் ஆண்டளவில், பொதுச் சராசரியைக் காட்டிலும் தொடர்ந்து மிகுந்திருக்குமாயின், அத்துறையின் இடங்கள் குறைக்கப்பட்டன. அடி பலமாக விழுந்தது கலைப்புலத்தின் மீதே. 2016இல் கோப்பன்ஹேகன் சர்வகலாசாலை சிறிய மொழித்துறைகள் பலவற்றில் மாணவர் சேர்க்கையை நிறுத்தியபோது, இந்தியவியலும் திபெத்தியவியலும் அவற்றோடு போயின. அமாகரில் உள்ள கலைப்புல வளாகத்தின் எதிரே, சைக்கிள்களை அடியில் நிறுத்துவதற்கென்று குடைவான மேடுகள் எழுப்பி, வெகு சிரத்தையாக ஒரு சதுக்கம் அமைத்து, அதற்குக் கதாசிரியை காரென் பிலிக்ஸனின் பெயரையும் சூட்டியிருக்கிறார்கள். கதை படிக்க வருகிறவர்களுக்குத்தான் இடம் சுருங்கிற்று.

இந்தியவியல் இந்நகரத்துக்கு நேற்று வந்த சரக்கன்று. டேனிய மொழியறிஞர் ராஸ்மஸ் ராஸ்க் 1820களின் தொடக்கத்தில் இலங்கை சென்று பாலி ஓலைச்சுவடிகளை இங்கே கொண்டுவந்து சேர்த்தார். பாலி அறிஞர் ஃபௌஸ்ப்யோல் 1855இல் தம்மபதத்தை இங்கே பதிப்பித்தார். 1924இல் வெளிவரத் தொடங்கிய பாலிப் பேரகராதி, ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் பலர் உழைத்தும், ககர வரிசையைத் தாண்டாமலே நின்றுபோயிற்று. பட்டம் பெற்ற இரண்டாம் ஆண்டில் இவர்களுடைய பிரயோஜனத்தை நிறுத்துப் பார்த்திருந்தால் தராசுத்தட்டு அசைந்திராது. தஞ்சை இரகுநாத நாயக்கர் 1620இல் டென்மார்க் அரசருக்கு எழுதிய பொன்னேட்டுக் கடிதம் இந்நகரத்து ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. அந்நாளில் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடி வழியாக வந்த தமிழ்ச் சுவடிகள் அரச நூலகத்தில் இருக்கின்றன. அவற்றை வாசிக்கத் தெரிந்த ஒருவரை இங்கேயே உருவாக்குவதற்கு ஆகும் செலவு எந்தப் பத்தியில் எழுதப்படும் என்று தெரியவில்லை.

சர்க்காரைச் சொல்லிவிட்டு நம் வீடுகளைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1983 இனக்கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்து டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியின் சிற்றூர்களில் தொழிற்சாலை வேலையும் துப்புரவு வேலையும் செய்து பிள்ளைகளை வளர்த்த தலைமுறை, கல்வி அமைச்சர் கன்னங்கராவின் 1945ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் அங்கே இலவசமாகப் படித்த தலைமுறை. அதே தலைமுறைதான், பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மாணவர்களிடம் கூடுதல் புள்ளிகள் கேட்ட எழுபதுகளின் தரப்படுத்தலால், புள்ளிகள் இருந்தும் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போக முடியாமல் வாசலில் நின்றதும். ஆகவே மகள் மருத்துவ பீடத்தில் சேரும்போது தகப்பன் காண்பது சம்பளத்தை மட்டுமன்று, பறிபோன ஓர் இடம் திரும்பக் கிடைத்ததையும்தான். இதைப் பேராசை என்று ஏளனம் செய்கிறவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. ஆனால் "லிட்டரேச்சர் படிச்சு என்ன வேலை எடுக்கப் போறாய், பிள்ளை?" என்ற கேள்வி, கட்டணமும் அதற்கான கடனும் இல்லாத ஊரில், சாப்பாட்டு மேசையில் கேட்கப்படும்போது, சர்க்காரின் இரண்டாம் ஆண்டுக் கணக்கு நம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இத்தனை நெருக்கடிக்கிடையிலும் நம் பிள்ளைகளுக்கு ஒரு சந்து இருந்தது. படிப்புக்கு விதித்த காலத்துக்கு மேல் இன்னும் ஓராண்டுக்கு எஸ்.யு. கிடைத்துவந்தது, ஐந்தாண்டுப் படிப்புக்கு அது ஆறாவது ஆண்டு. டேனியப் பத்திரிகைகள் அதைத் தடுமாறுகிறவர்களின் ஆண்டு என்று பரிகசித்தன. அப்பா சொன்ன துறையில் ஓராண்டு இருந்து பார்த்து, மனம் ஒட்டாமல், தனக்கு உகந்த துறைக்கு மாறுகிற பிள்ளைக்கு அந்த ஆண்டே கைமுதல். 2025 ஜூலை முதல் படிப்பில் சேர்கிறவர்களுக்கு அது இல்லை. முன்னரே வேலைபார்த்துச் சேமித்தவனையோ, வசதியுள்ள வீட்டுப் பிள்ளையையோ இது பெரிதும் தொடப்போவதில்லை. பொறியியலில் தொடங்கி இலக்கியத்துக்கு மாறும் ஒரு துப்புரவுத் தொழிலாளியின் மகளுக்கு, உதவித்தொகை படிப்பு முடியுமுன்பே தீர்ந்துபோகும். கடைசி ஆண்டுக்கு அவள் பகுதிநேர வேலையை இரட்டிப்பாக்க வேண்டும், அல்லது சர்க்காரிடம் கடனுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மாறாமல் முதற்றுறையிலேயே இருந்துவிட்டால் கடன் இல்லை. இந்த ஓராண்டைத் திருப்பித் தரவேண்டுமென்று நம் சங்கங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுத வேண்டும். எழுதும்போது, அந்த ஆண்டு யாருக்குப் பயன்பட்டது என்பதையும் கூச்சமின்றி எழுத வேண்டும்.