குஞ்சு விடுமுன் தண்ணீரைப் பாருங்கள்

ஆற்றில் மீன் செத்து மிதந்தால், "மீன் குஞ்சு கொண்டு வந்து விடுங்கள்" என்ற கோரிக்கைதான் முதலில் எழுகிறது. குஞ்சு விடுவது சுலபம். அன்றைக்கே படமும் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் செய்யவேண்டிய முதல் வேலை அதுவன்று.

2018 மே மாதம் பஞ்சாபில் ஒரு சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகு பியாஸ் ஆற்றில் கலந்துவிட்டது. கழிவுப்பாகு நஞ்சு அல்ல. மாட்டுத் தீவனத்தில் சேர்ப்பதுதான். ஆயினும் அதைத் தின்று பெருகிய நுண்ணுயிர்கள் நீரிலிருந்த பிராணவாயுவை உறிஞ்சிவிட்டன. மீன் செழிக்க லிட்டருக்கு 5 மில்லிகிராம் பிராணவாயுவாவது நீரில் கரைந்திருக்க வேண்டும். அது அற்றுப்போகவே மீன்கள் ஆயிரக்கணக்கில் மூச்சுத் திணறி மாண்டன.

குச்சிக்கிழங்கு பயிரிடும் புதுச்சத்திரம் வட்டாரத்துக்கு இது அயலூர்க் கதையன்று. ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரைச் சுத்தம் செய்யாமல் ஓடையில் விட்டால் இதே கதிதான். போதாக்குறைக்குக் கிழங்கிலுள்ள சயனைடும் அதில் இருக்கும்.

பூச்சிமருந்து கலந்தால் சேதம் இன்னும் கொடியது. 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகே மருந்துக் கிடங்கு தீப்பற்றியது. அணைக்கப் பாய்ச்சிய நீர் மருந்துடன் ரைன் நதியில் இறங்கி, சுமார் 1,50,000 விலாங்கு மீன்களைக் கொன்றது. அங்கும் பிற்பாடு சால்மன் குஞ்சுகளை விட்டார்கள். ஆனால் அதோடு நிற்கவில்லை. ஆலைகளின் காவலை இறுக்கினார்கள். மீன் ஏறிச் செல்ல அணைகளில் படி கட்டினார்கள். புழு பூச்சிகளோ, நஞ்சு தீண்டாத மேற்புறத்திலிருந்தும் கிளையாறுகளிலிருந்தும் தாமாகவே திரும்பின.

நம் ஓடைகளின் அருமை இங்கேதான். சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் நகரைக் கடந்து காவிரியில் சேரும் திருமணிமுத்தாற்றில் சாக்கடையும் சாயக்கழிவும் கலந்து வந்திருக்கின்றன. அவை நிற்காதவரை அதில் குஞ்சு விடுவது பணத்தை ஆற்றில் போடுவதுதான். ஆனால் பக்கத்து ஓடையிலும் ஏரியிலும் கெண்டையும் கெளுத்தியும் விராலும் பிழைத்திருந்தால், ஆறு தெளிந்தபின் புதுவெள்ளத்தில் அவையே வந்து சேரும். அந்த ஓடையில் தெளிப்பானைக் கழுவாதீர்கள். சைபர்மெத்ரின் போன்ற மருந்து மிகச் சிறிதளவே மீனைக் கொல்லும்.

ஜிலேபிக் கெண்டை துள்ளுகிறதே என்று ஏமாறவும் வேண்டாம். கெட்ட நீரையும் அது தாங்கும். வலைக்கூண்டில் பத்து நாட்டுக் கெண்டைகளை இட்டு ஆற்றில் இறக்கி, ஒரு வாரம் கவனியுங்கள். அவை பிழைத்து, கல்லடியில் நத்தையும் தட்டான் புழுவும் தென்பட்ட பிறகு குஞ்சைப் பற்றிப் பேசலாம். அதன்பின்னும் இரண்டு மழைக்காலமாவது சினை மீனைப் பிடிக்காமல் விடவேண்டும்.

மீன் மிதப்பதைக் கண்டால், அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, சுத்தமான கண்ணாடிப் புட்டியில் அவ்விடத்து நீரைப் பிடித்து, அன்றே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மீன்வளத் துறைக்கும் சொல்லுங்கள். மறுநாள் அந்த நீர் அங்கே இராது.