மட்டக்குதிரை பெரியவர்களுக்கும் உரியது

அவனியாபுரம் வட்டாரத்தில் குதிரை வாங்க ஆசைப்படுகிறவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை இதுதான்: “வாங்குறதா இருந்தா பெரிய குதிரையா வாங்குப்பா. மட்டக்குதிரை சின்னப் பிள்ளைகளுக்கு. வளர்ந்த ஆளு ஏறினா அதுக்கு முதுகு போயிரும், உனக்கு மானம் போயிரும்.” டீக்கடையில் சொல்கிறார்கள், சந்தையில் தரகர் சொல்கிறார், சொந்தக்காரர்களும் சொல்கிறார்கள். கேட்பவர் நம்பிவிடுகிறார். கடன் வாங்கியாவது ஐந்தடி உயரக் குதிரையைப் பிடித்து வந்து, தீனி போடவும் முடியாமல், ஏறவும் பயந்து, தகரக் கொட்டகையில் கட்டிவைக்கிறார். அந்தக் குதிரை படும் பாட்டுக்கு இந்த அறிவுரையும் ஒரு காரணம். அதனால்தான் இதை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் எது மட்டக்குதிரை என்பதில் தெளிவு வேண்டும். குதிரையின் உயரத்தைத் தலைவரை அளப்பதில்லை, தோள்மேடு வரைதான் அளப்பார்கள். குதிரைக் கணக்கில் ஒரு கை என்பது 4 அங்குலம். 14 கை 2 அங்குலம், அதாவது 58 அங்குலம், ஏறக்குறைய 147 செ.மீ. வரை இருப்பது மட்டக்குதிரை. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு லாடம் இல்லாமல் 148 செ.மீ. என்று எல்லை வைத்திருக்கிறது. இது மனிதர் போட்ட கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்பது ஒரே விலங்குதான். குஜராத்தின் கத்தியவாரி இனத்தில் பல குதிரைகள் சரியாக இந்தக் கோட்டை ஒட்டியே நிற்கின்றன. கோட்டுக்கு ஓர் அங்குலம் மேலே இருந்தால் வீரம், ஓர் அங்குலம் கீழே இருந்தால் விளையாட்டுப் பொருள் என்று சொல்வதில் நியாயம் இல்லை.

1. “பெரியவர் ஏறினால் முதுகு போய்விடும்”

மட்டக்குதிரைக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் இது ஒன்றுதான் விலங்கின் பக்கம் நின்று பேசுகிறது. ஆகவே இதற்குக் கவனமாகப் பதில் சொல்ல வேண்டும்.

குதிரையின் முதுகுக்குத் தன் மேல் இருப்பவரின் வயது தெரியாது, எடைதான் தெரியும். ஏறுகிறவர், சேணம், மற்ற சாமான் எல்லாம் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது குதிரையேற்றத்தில் நெடுநாளாக இருந்துவரும் விதி. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2008இல் வெளிவந்த ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. குதிரைகளின் மேல் அவற்றின் எடையில் 15, 20, 25, 30 சதவீதம் என்று பாரம் ஏற்றி ஓடவிட்டார்கள். 20 சதவீதம் வரை பெரிய பாதிப்பு தென்படவில்லை. 25, 30 சதவீதத்தில் தசைவலி கூடியது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: இடுப்பு அகன்ற குதிரைகளுக்கு வலி குறைவாக இருந்தது. நல்ல மட்டக்குதிரையின் உடற்கட்டு பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது: குட்டையான முதுகு, அகன்ற இடுப்பு.

எடையைக் கண்டுபிடிக்க எடைமேடை தேவையில்லை, தையல்காரர் வைத்திருக்கும் அளவுநாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்த செ.மீ. அளவை அதனாலேயே பெருக்க வேண்டும். வந்த விடையை, தோள்முனை முதல் பிட்டம் வரையுள்ள நீளத்தால் பெருக்கி 11,880 ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கணக்கு வந்துவிடும். நெஞ்சுச் சுற்று 160, நீளம் 145 என்றால் எடை சுமார் 312 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு 62 கிலோ. 55 கிலோ எடையுள்ள ஒருவர் 7 கிலோ சேணத்தோடு ஏறலாம். நம் ஊரில் அந்த எடையில் இருக்கும் பெரியவர்களுக்கா பஞ்சம்?

நெஞ்சுச் சுற்று 130, நீளம் 115 மட்டுமே உள்ள சிறு குதிரையின் எடை சுமார் 164 கிலோதான். அது 33 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது. அதன் முதுகில் வளர்ந்த ஆள் ஏறுவது கொடுமை, சந்தேகமே இல்லை. சுற்றுலாத் தலங்களில் காசுக்காக அப்படி ஏற்றுகிறவர்களை நானும் கண்டிக்கிறேன். ஆனால் அத்தகைய குதிரையையும் பெரியவர் வைத்துக்கொள்ளலாம், வண்டியில் பூட்டலாம். சக்கரம் உருளும் சமதரையில் பாரம் முழுதும் முதுகின் மேல் விழுவதில்லை. பாரம் இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகளே இந்த வித்தியாசத்தை ஏற்கின்றன. மட்டக்குதிரை முதுகில் சுமக்கும் பொதிக்கு அவை 70 கிலோ உச்சவரம்பு வைக்கின்றன. காற்றடைத்த டயர் போட்ட வண்டியில் பூட்டினால் 600 கிலோ வரை அனுமதிக்கின்றன. இவை உச்சவரம்புகள்தான், ஒவ்வொரு குதிரையும் இவ்வளவு தாங்கும் என்ற உறுதிமொழி அல்ல. நாடா சொல்லும் கணக்கே நமக்கு வழிகாட்டி.

சுருக்கமாக, எடைக்கணக்குப் பார்க்காமல் ஏறுவதுதான் தவறு. 95 கிலோ ஆள் 380 கிலோ குதிரையில் ஏறுவது, 55 கிலோ ஆள் 300 கிலோ மட்டக்குதிரையில் ஏறுவதைவிடப் பெரிய கொடுமை. அதைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை.

2. “அது பிள்ளைகளுக்கானது”

கொடைக்கானல் ஏரிக்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிவரும் குதிரைகளை மட்டுமே பார்த்தவருக்கு இப்படித் தோன்றலாம். மணிப்பூரைப் பார்க்கட்டும். அங்குள்ள குதிரையின் உயரம் 11 முதல் 13 கை. அதன் மேல் ஏறி வளர்ந்த ஆண்கள் ஆடும் சகோல் காங்ஜெய் என்ற ஆட்டத்தைப் பார்த்துத்தான் ஆங்கிலேயர் போலோ கற்றார்கள். 1859இல் சில்சாரில் கிளப் தொடங்கினார்கள். அதன் பிறகும் பல பத்தாண்டுகள் போலோவில் குதிரைக்கு உயர வரம்பு இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகுதான் அது நீக்கப்பட்டது. ராணுவ அதிகாரிகளும் மகாராஜாக்களும் மட்டக்குதிரை மேல்தான் அந்த ஆட்டத்தை வளர்த்தார்கள்.

மங்கோலியாவின் குதிரை 12 முதல் 14 கை. செங்கிஸ்கானின் படை ஆசியாவைக் கடந்தது அதன் முதுகில்தான். 2009 முதல் அங்கே நடக்கும் 1,000 கி.மீ. நெடும்பந்தயத்தில் உலகெங்கிலுமிருந்து வரும் பெரியவர்கள் அந்தச் சிறிய குதிரைகளை மாற்றி மாற்றி ஏறி ஓட்டுகிறார்கள். ஏறுகிறவரின் எடைக்கு வரம்பு உண்டு. ஐஸ்லாந்தில் குடியானவர் ஏறுவதும் 13, 14 கைக் குதிரைதான். செஞ்சி வரை வந்த மராத்தியப் படைக்குப் பேர் வாங்கித் தந்தவையும் தக்காணத்தின் கட்டுமஸ்தான சிறு குதிரைகளே.

மதுரையின் கதையும் வேறல்ல. பேருந்தும் ஆட்டோவும் பெருகும் வரை ரயிலடியிலிருந்து மக்களை வீட்டுக்குக் கொண்டு சேர்த்தவை மட்டக்குதிரை பூட்டிய ஜட்கா வண்டிகள். ஓட்டியவர் பெரியவர், உட்கார்ந்தவர்களும் பெரியவர்கள். பெரியவர்களின் பிழைப்போடு இருந்த விலங்கைப் பிள்ளைகளின் பொம்மையாக்கியது அண்மைக் காலம்தான்.

பிள்ளைகளின் பாதுகாப்பையும் நினைக்க வேண்டும். பழக்காத மட்டக்குதிரை கடிக்கும், உதைக்கும், கடிவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். அது புத்திசாலி விலங்கு. ஏறுகிறவருக்குத் தெரியவில்லை என்பதை உடனே கண்டுகொள்ளும். அதைப் பழக்கப் பொறுமையும் எடைக்கு ஏற்ற உடலும் உள்ள பெரியவர் ஒருவர் அன்றாடம் ஏறி ஓட்ட வேண்டும். பெரியவர்கள் ஏறுவதை நிறுத்தினால் பிள்ளைகளுக்கும் நல்ல குதிரை கிடைக்காது.

3. “கௌரவக் குறைச்சல்”

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. ஊர் எல்லையில் அய்யனாருக்கு ஆளுயரத்தைத் தாண்டிய மண் குதிரை நிற்கிறது. சித்திரையில் அழகர் தங்கக் குதிரை ஏறி வைகையில் இறங்குகிறார். தேசிங்குராஜன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சாமிக்கும் ராஜாவுக்கும் உயர்ந்த குதிரை என்பது மனத்தில் பதிந்திருக்கிறது. அந்த மரியாதையில் எனக்குக் குறையேதும் இல்லை. ஆனால் சாமியின் வாகனத்தை அளவாக வைத்து நம் வீட்டுக் குதிரையைக் குறை சொல்லக் கூடாது.

தை முதல் நாள் வாடிவாசல் திறக்கும் ஊர் இது. காளையைப் பற்றி அவனியாபுரத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மானாமதுரைப் பக்கத்துப் புலிக்குளம் காளை பெரிய உருவம் கொண்டதல்ல. வேகத்தாலும் ரோஷத்தாலும் பேர் எடுத்தது. மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று உயரத்துக்கு ஒரு பிரிவு வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பரிசும் கொடுக்கிறோம். குதிரை வண்டிப் பந்தயத்திலும் இப்படிப் பிரிவுகள் உண்டு. சாலையின் இரண்டு பக்கமும் கூட்டம் நிற்பது பெரிய குதிரைக்கு மட்டுமா? மாட்டிடம் காட்டும் இந்த நியாயத்தைக் குதிரையிடமும் காட்டச் சொல்கிறேன். நன்றாக வளர்த்த, காயமில்லாத, சொன்ன பேச்சுக் கேட்கும் குதிரை, எந்த உயரத்தில் இருந்தாலும், வைத்திருப்பவருக்குக் கௌரவம்தான்.

4. “பெரிய குதிரை என்றால் எல்லாவற்றுக்கும் ஆகும்”

ஆகும், அதற்கான இடமும் தீனியும் தண்ணீரும் இருந்தால். குதிரை ஒரு நாளைக்குத் தன் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம் காய்ந்த தீனி தின்ன வேண்டும். 450 கிலோ குதிரைக்கு 9 கிலோ, 300 கிலோ மட்டக்குதிரைக்கு 6 கிலோ. மாதத்துக்கு 90 கிலோ வித்தியாசம். அவனியாபுரம் 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு மேய்ச்சல் நிலமெல்லாம் மனைக்கல் நட்ட இடமாகிக்கொண்டிருக்கிறது. புல்லைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஊரில் இந்தக் கணக்கு சின்னதல்ல.

அடுத்தது வெயில். சித்திரை, வைகாசியில் இங்கே 40 டிகிரியைத் தாண்டும். உடல் சிறியதாக இருந்தால், ஒவ்வொரு கிலோ எடைக்கும் கூடுதலான தோல் பரப்பு இருக்கும். சூடு வெளியேறுவது எளிது. கனத்த உடம்புக்கு அந்த வசதி குறைவு. சிறிதோ பெரிதோ, 37 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் இடத்தில் மதியம் 12 முதல் 3 மணி வரை வேலை வாங்கக் கூடாது என்று மேலே சொன்ன 1965 விதிகள் தடுக்கின்றன. அதைக் கடைப்பிடிக்க வேண்டும்.

பெரிய குதிரை மோகத்துக்கு மதுரை ஏற்கெனவே பெரிய விலை கொடுத்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் பாண்டியர்கள் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கில் குதிரைகளை இறக்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை விரைவில் மடிந்ததை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். பராமரிக்கத் தெரிந்த ஆளில்லை, லாடம் கட்டத் தெரிந்தவரில்லை, தீனியும் பொருந்தவில்லை. அதற்கு முன்பே ஒரு பாண்டியன் குதிரை வாங்க அனுப்பியதாகக் கதை சொல்லும் அமைச்சர்தான் மாணிக்கவாசகர். நரியைப் பரியாக்கிய லீலையை மீனாட்சி கோயில் ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் நடத்துகிறோம். அரசாங்கமே காப்பாற்றத் திணறிய குதிரையைத் தனி வீடு ஒன்று எப்படித் தாங்கும்? தன் கைக்கும் தன் மண்ணுக்கும் தாங்குகிற அளவில் குதிரையைத் தேர்ந்தெடுப்பது கஞ்சத்தனமல்ல, பொறுப்பு.

பாதுகாப்பும் உண்டு. நாற்பது, ஐம்பது வயதில் ஏறக் கற்கிறவருக்கு உயரம் குறைந்த குதிரையில் ஏறுவதும் இறங்குவதும் எளிது. விழுந்தாலும் உயரம் குறைவு.

5. “நாட்டு மட்டம், இனமும் கிடையாது விலையும் கிடையாது”

நாம் கவனிக்காததால் வந்த நிலை இது. மணிப்பூர் தன் குதிரையைக் காக்க 2016இல் தனிக் கொள்கையே வகுத்தது. மகாராஷ்டிரத்தின் பீம்தடிக் குதிரை அண்மையில் தனி இனமாகப் பதிவானது. நம் பக்கத்தில் கோடியக்கரைக் காட்டில் மட்டக்குதிரைகள் தாமாகவே பெருகி வாழ்கின்றன. இலங்கையின் நெடுந்தீவில் ஐரோப்பியர் விட்டுச்சென்ற குதிரைகளின் வழிவந்தவை வறண்ட நிலத்தில் தலைமுறை தலைமுறையாக நிற்கின்றன. வெயிலையும் உப்புக்காற்றையும் தாங்கிய இந்த உடல்கள் வீணானவை என்று யார் சொன்னது?

இந்தியாவில் 2012இல் 6 லட்சத்துக்கு மேல் இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் சுமார் 3.4 லட்சமாகிவிட்டன. வேலை போன விலங்கைத் தெருவில் விடுகிறார்கள்; அது குப்பையில் பாலித்தீனைத் தின்று வயிற்றுவலியில் சாகிறது. அதைக் காப்பாற்ற இரக்கம் மட்டும் போதாது. அதற்கு ஒரு வேலையும் ஓர் உரிமையாளரும் வேண்டும். தினமும் ஏறுகிறவர்தான் குளம்பில் வெடிப்பைப் பார்ப்பார், சேணம் உரசிய புண்ணைப் பார்ப்பார், தடுப்பூசிக்கு நாள் குறிப்பார். பெரியவர்கள் வெட்கப்படாமல் மட்டக்குதிரை வைத்து ஓட்டினால்தான் இந்த விலங்குக்கு எதிர்காலம் உண்டு.

ஆகவே ஆடித் திருவிழாவுக்கு அந்தியூர் குதிரைச் சந்தைக்குப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. முதலில் உங்கள் எடையைப் பாருங்கள். கையில் நாடா கொண்டுபோங்கள். குளம்பையும் முதுகையும் பல்லையும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கொள்ளையும் தவிட்டையும் அள்ளிக் கொட்டாதீர்கள். குறைந்த தீனியில் உடம்பு வைக்கும் விலங்கு இது, கொழுத்தால் குளம்பு அழன்று நடக்க முடியாமல் போகும். கணக்கு பொருந்தினால், 13 கைக் குதிரையை வாங்கி, அதன் மேல் நிமிர்ந்து உட்கார்ந்து ஊருக்குள் வாருங்கள். “இது பிள்ளைகள் ஏறுவதல்லவா?” என்று யாராவது கேட்டால் குதிரையின் எடையையும் உங்கள் எடையையும் சொல்லுங்கள். அதற்கு மேல் யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவரல்ல நீங்கள்.