நான்காவது முறையும் அதே கேள்வி

“காலையிலிருந்து நாலு பேர் வந்து இதையே கேட்டுட்டாங்க. எழுதி வெச்சதைப் படிக்க மாட்டீங்களா?” தந்தையின் கட்டிலருகே இரண்டு இரவுகள் உறங்காமல் அமர்ந்திருந்த ஒரு பெண்மணி, சென்ற மாதம் எங்கள் பயிற்சி மருத்துவர் ஒருவரிடம் இவ்வாறு கேட்டார். அவருடைய கோபம் நியாயமானது. ஆயினும், நான்காவதாக வந்து கேட்பவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று உங்களை வேண்டிக்கொள்ளவே இதை எழுதுகிறேன். எங்கள் தரப்பில் திருத்திக்கொள்ள வேண்டியவையும் உண்டு. அவற்றையும் மறைக்கப் போவதில்லை.

எம்.பி.பி.எஸ். முடித்தபின் பொது மருத்துவத்தில் எம்.டி. பட்டத்திற்காக மூன்றாண்டுகள் மருத்துவமனையில் பணியாற்றிக்கொண்டே கற்பவர்கள் முதுநிலைப் பயிற்சி மருத்துவர்கள். இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறலோடு வருபவரை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் இவர்களில் ஒருவர்தான். இவர்களுடைய இறுதித் தேர்வில் எழுத்துத் தாள்கள் மட்டும் போதா. ஒரு நோயாளியிடம் பேசி, அவர் உடலைத் தொட்டுப் பார்த்து, நோய் இன்னதென்று தேர்வாளர் முன் நிறுவ வேண்டும். புத்தகத்தில் நெஞ்சுச் சளியின் ஒலியைப் படிக்கலாம், கேட்க முடியாது.

இப்பகுதிக்கு இது புதிதன்று. ராயபுரத்து முதியவர்கள் சிலர் ஸ்டான்லி மருத்துவமனையை இன்றும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே சொல்வார்கள். 1782இல் பஞ்சத்தில் வாடியவர்களுக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரமே அதன் வேர். அங்கு வளர்ந்த மருத்துவக் கல்லூரிக்குப் பின்னர் ஸ்டான்லியின் பெயர் அமைந்தது. துறைமுகத் தொழிலாளர், மீனவர், ஆலைத் தொழிலாளர் ஆகியோரின் கட்டிலருகே நின்றுதான் எத்தனையோ தலைமுறை மருத்துவர்கள் இங்கே தொழில் கற்றனர். சென்னையில் கற்பித்த பேராசிரியர் கே. வி. திருவேங்கடத்தின் கட்டிலருகு வகுப்புகளைப் பற்றி மூத்த மருத்துவர்கள் இன்றளவும் ஆர்வத்தோடு பேசுகிறார்கள்.

நான் கற்ற விதத்தைச் சொல்கிறேன். பெருமைக்குரிய கதை அன்று.

இருபது ஆண்டுகளுக்கு முன், முதலாண்டுப் பயிற்சியில் இருந்தேன். ஐம்பத்தைந்து வயதைக் கடந்த ஒருவர் காய்ச்சலும் கண்ணில் மஞ்சளுமாக வந்து சேர்ந்தார். கல்லீரல் அழற்சி என்று கருதினேன். கேஸ் ஷீட்டில் ‘தொழில்’ என்ற கட்டத்தில் ‘கூலி’ என்று ஒரே சொல்லை எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். அன்று எனக்குப் பதினான்கு பேர் காத்திருந்தார்கள். அதைச் சாக்காகச் சொல்லவில்லை, நிலவரம் அதுதான்.

மூன்றாம் நாள் எங்கள் பேராசிரியர் அந்தத் தாளைப் படித்துவிட்டு, “என்ன கூலி?” என்றார். எனக்குத் தெரியவில்லை. அவர் நோயாளியிடம் திரும்பி மெதுவாக விசாரித்தார். துறைமுகத்தை ஒட்டிய கிடங்கில் மூட்டை தூக்குபவர், மழைநீர் தேங்கிய தரையில் வெறுங்காலோடு வேலை, எலிகள் ஏராளம். பேராசிரியர் அவருடைய கெண்டைக்காலை இலேசாக அழுத்தினார். மனிதர் வலியால் துடித்துவிட்டார். பாதங்களில் பித்தவெடிப்பு, கண்களில் மஞ்சளுக்கு அடியில் சிவப்பு. எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, தோலின் வெடிப்பு வழியே உடலுக்குள் புகும் கிருமி அது. அன்றே பென்சிலின் தொடங்கினோம். அதற்குள் சிறுநீரகங்கள் தளர்ந்துவிட்டன. பலமுறை டயாலிசிஸ் செய்ய நேர்ந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் மாதக்கணக்கில் மூட்டை தூக்க முடியவில்லை. மனைவியின் இட்லிக் கடைதான் வீட்டைத் தாங்கியது.

வீடு திரும்பும் நாளில் அவரிடம், “வேலையைப் பத்தி முதல்லயே சொல்லியிருக்கலாமே, ஐயா” என்றேன். “சொல்லலாம்னுதான் நெனச்சேன் தம்பி. நீங்க எழுதிட்டே இருந்தீங்க” என்றார்.

‘நீ என்ன தொழில் செய்கிறாய்?’ என்று ஒவ்வொரு நோயாளியிடமும் கேட்க வேண்டும் என 1700ஆம் ஆண்டிலேயே இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி எழுதி வைத்தார். எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை நீளும் இந்தக் கரையில் அந்தக் கேள்வியைவிடப் பயனுள்ளது வேறில்லை என்பது என் எண்ணம். வெல்டிங் செய்பவரின் இருமலும், படகுக்குப் பெயிண்ட் அடிப்பவரின் தலைவலியும், பேட்டரிப் பட்டறையில் இருப்பவரின் வயிற்று வலியும் வேறு வேறு இடங்களிலிருந்து தொடங்கியவையாக இருக்கலாம். எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதும் அவ்வாறே. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பத்து மக்கள் வேலையிடத்தில் இருக்கவில்லை, வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் இருக்க இத்தனை பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். எலிக்காய்ச்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கென்று வழக்கமாகச் செய்யும் ரத்தப் பரிசோதனை முதல் சில நாட்களில் நோயைக் காட்டாமல் போகலாம். மருந்து மிகுதியாக உதவுவதோ அந்த நாட்களில்தான். எந்தப் பரிசோதனையைச் செய்வது என்பதையும் உங்கள் பேச்சிலிருந்தே நாங்கள் தீர்மானிக்கிறோம். மேலும், ஒரே கதையை நான்கு முறை சொல்லும்போது நான்காவது முறையில் புதிதாக ஒன்று நினைவுக்கு வருவதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். முதல் மூவருக்குச் சொன்னதோடு அது ஒத்துப்போகாவிட்டாலும் தயங்காமல் சொல்லுங்கள்.

இனி எங்கள் பக்கம். கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றுகொண்டு, படுத்திருப்பவரின் தலைக்கு மேலாக ஆங்கிலத்தில் விவாதிப்பது மரியாதை ஆகாது. அவருடைய நோயைப் பற்றித்தான் பேசுகிறோம். அவருக்கு மட்டும் புரியவில்லை. ரவுண்ட்ஸ் முடியுமுன் ஒருவராவது தமிழில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். திரை இழுக்காமல் சட்டையைக் கழற்றச் சொல்வதும், ‘மூணாம் நம்பர் கேஸ்’ என்று மனிதரைக் குறிப்பிடுவதும் இன்னும் நடக்கின்றன. அவற்றைக் கண்டு பேசாமல் கடந்த மூத்தவர்களுள் நானும் ஒருவன்.

ஆகவே உங்களுக்குள்ள உரிமையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வருபவரின் பெயரையும், எந்த ஆண்டுப் பயிற்சி என்பதையும் கேளுங்கள். சோதிப்பது சிகிச்சைக்காகவா, கற்பதற்காகவா என்றும் கேளுங்கள். கற்பதற்காக என்றால் மறுக்கலாம். சிகிச்சையில் எந்தக் குறையும் வராது. வரக் கூடாது, வந்தால் பிரிவுத் தலைவரிடம் சொல்லுங்கள். பெண் நோயாளிகள், உடன் ஒரு பெண் ஊழியர் இருக்க வேண்டும் எனக் கேட்கலாம். மூச்சு வாங்கும் நேரத்திலும் உணவு நேரத்திலும் “அப்புறம் வாங்க” என்று சொல்லிவிடலாம். அதைக் கேட்டுத் திரும்பிப் போவதும் மருத்துவர் கற்க வேண்டிய பாடமே.

உடனிருப்பவர்களுக்கு ஒரு வேலை உண்டு. வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டைகள், பழைய சீட்டுகள், நாட்டு மருந்துப் பொட்டலங்கள், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய வலி மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். திட்டுவார்கள் என்று எதையும் ஒளிக்க வேண்டாம். குடிப்பழக்கத்தை மகள் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால், மகளை டீ வாங்க அனுப்பிவிட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் பிரிவில், தொழில் என்ற கட்டத்தில் ‘கூலி’ என்று மட்டும் எழுதிய தாளை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அந்தப் பெண்மணியிடம் திட்டு வாங்கிய பயிற்சி மருத்துவர் சென்ற வாரம் கொடுத்த தாளில் இப்படி இருந்தது: ‘எண்ணூர்க் கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிப்பவர். இடுப்பளவு நீரில் நாளுக்கு ஐந்து மணி நேரம். இடது முன்கையில் பத்து நாட்களாக ஆறாத கீறல். காய்ச்சலுக்கு முன்பே இருந்தது. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்காததால்.’