ஐஸ் பெட்டி, யூஎஸ்பி ஃபேன், ஒரு பாட்டில் டிரிப்ஸ்: பழைய கார் ஏசியில நான் மிச்சம் பிடிச்ச கணக்கு



கத்திரி வெயில் ஆரம்பிச்சாச்சு. என்கூட ஆடிட் டீம்ல வேலை பார்க்கிற ஒரு தம்பி, 27 வயசு, கையில வர்ற சம்பளம் 58,000 ரூபாய், போன வாரம் என் டேபிளுக்கு வந்து நின்னான். "சார், கார் ஏசி வேலை செய்யல. புது வண்டி புக் பண்ணிடலாமான்னு பார்க்கிறேன். ஜிஎஸ்டி வேற குறைஞ்சிருக்கு." குறைஞ்சது உண்மைதான். 2025 செப்டம்பர் 22-லிருந்து சின்ன கார்களுக்கு 28 சதவீதமும் செஸ்ஸும் போய் 18 சதவீதம் ஆயிடுச்சு. ஆனா "ஏசி ஓடல" என்பதிலிருந்து "எட்டு லட்சம் கடன்" என்பதுக்கு இந்தப் பையன் ஒரே தாவுல தாவினான் பாருங்க, அங்கதான் எனக்குப் பேச வேண்டியிருந்தது.

பேச எனக்கு யோக்கியதை இருக்கான்னு கேட்டா, பாதி இருக்கு. ஏன்னா இதே பிரச்னையில நான் எதிர்ப்பக்கமா தாவி விழுந்தவன்.

என் வண்டி 2011 மாடல் ஹேட்ச்பேக். 2021 கோடையில ஏசி காத்து வந்துச்சு, குளிர்ச்சி வரல. கேஸ் ஏத்தினா ரெண்டு மாசம் ஓடும், அப்புறம் பழைய கதைதான். "பழைய வண்டிக்கு எதுக்கு அழுறது, ரெண்டு மாச வெயில்தானே, ஒப்பேத்திக்கலாம்"னு முடிவு பண்ணேன். சி.ஏ. படிச்சவன் இல்லையா, மிச்சம் பிடிக்கிறதுல ஒரு பெருமை. அடுத்த மூணு கோடையில நான் பண்ணாத வித்தை இல்லை.

முதல்ல, உண்மையிலேயே வேலை செஞ்சதைச் சொல்லிடறேன், ஏன்னா அதுக்கெல்லாம் காசே பெருசா ஆகாது. ஜி.பி. ரோட்டுல வாங்கின வெள்ளி கலர் சன்ஷேட், 450 ரூபாய். முன் கண்ணாடிதான் வண்டியிலேயே பெரிய ஜன்னல். வெளிச்சம் அது வழியா உள்ளே வந்து டேஷ்போர்டையும் சீட்டையும் சூடாக்கும், அந்தச் சூடு கண்ணாடியைத் தாண்டி வெளியே போகாது. வெளியே 38 டிகிரின்னா ஒரு மணி நேரத்துல உள்ளே 50-ஐத் தாண்டிடும். ஷேட் மாட்டினா ஸ்டியரிங்கைக் கையால தொட முடியும், அவ்வளவுதான், ஆனா அதுவே பெரிய விஷயம். சாயங்காலம் கிளம்பறவங்க முன் கண்ணாடி கிழக்கைப் பார்த்த மாதிரி நிறுத்துங்க, மேற்கு வெயில் பின்னால அடிக்கட்டும். புங்கமர நிழல் கிடைச்சா விடாதீங்க. காக்கா எச்சத்தை மட்டும் அன்னிக்கே துடைச்சிடணும், பெயிண்டை அரிச்சிடும்.

இன்னொண்ணு, கிளம்பறதுக்கு முன்னாடி இடதுபக்க ஜன்னலை இறக்கிட்டு டிரைவர் கதவை அஞ்சாறு தடவை விசிறி மாதிரி திறந்து மூடுங்க. உள்ளே அடைஞ்சிருக்கிற அனல் காத்து அந்தப் பக்கமா வெளியே போயிடும். பார்க்கிங்ல நாலு பேர் ஒரு மாதிரி பார்ப்பாங்க, பார்க்கட்டும். ஜன்னலை அரை அங்குலம் இறக்கி விட்டுட்டுப் போறது மட்டும் நம்ம மனத் திருப்திக்கு. அதனால பெருசா எதுவும் குறையாது. அதை நம்பி குழந்தையை அஞ்சு நிமிஷம்கூட உள்ளே விடாதீங்க.

இனி என் முட்டாள்தனங்கள்.

ஜன்னல்ல மாட்டற சோலார் ஃபேன், 650 ரூபாய். உள்ளங்கை அளவு சோலார் தகடு, அது சுத்தற வேகத்துக்கு ஒரு ஊதுபத்திப் புகைகூட அசையாது. யூஎஸ்பி ஃபேன் ரெண்டு, 1,400. ஃபேன் எதையும் குளிர வைக்காது, இருக்கிற காத்தைத்தான் மூஞ்சியில அடிக்கும். ஜெல் சீட் குஷன் 1,250; வெயில்ல நின்ன வண்டியில அதுவே தோசைக்கல் ஆயிடும். கடைசியா என் மகுடம், தெர்மோகோல் ஐஸ் பெட்டி, ஊதுகுழல் ஃபேனோட சேர்த்து 1,900.

இந்த ஐஸ் பெட்டியைப் பத்தி கொஞ்சம் விலாவாரியா சொல்லணும், ஏன்னா இந்த மாதிரி வீடியோவைப் பார்த்துட்டு இப்பவும் நிறைய பேர் செய்றாங்க. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை இழுக்கும். அஞ்சு கிலோ போட்டா 1,670. ஒரு சின்ன கார் ஏசி சுமார் 3 கிலோவாட் அளவுக்குக் குளிர்விக்கும்னு வெச்சுக்கங்க, அதாவது ஒரு விநாடிக்கு 3 கிலோஜூல். 1,670-ஐ மூணால வகுத்தா 557 விநாடி. ஒன்பது நிமிஷம்! ஐஸ் கடையில 60 ரூபாய் குடுத்து, தூக்கிட்டு வந்து, உடைச்சு, பெட்டியில போட்டு நான் வாங்கினது ஒன்பது நிமிஷ ஏசி. ஈரக் காத்துல கார்ப்பெட்டு பூஞ்சை பிடிச்சு நாறினது தனி. எக்செல்லை வெச்சுப் பிழைக்கிறவன் இந்தக் கணக்கை மூணு வருஷம் கழிச்சுத்தான் போட்டேன்.

ஈரத்துணி விஷயம் இதைவிட சுவாரஸ்யம். தண்ணி ஆவியாகும்போது இழுக்கிற வெப்பம், அதே எடை ஐஸ் உருகும்போது இழுக்கிறதைப் போல ஏழு மடங்கு இருக்கும். அதனாலதான் 2025 கோடையில ஆப்கானிஸ்தான் கந்தஹார் டாக்ஸிக்காரங்க கூரை மேல தண்ணிக் கூலரைக் கட்டி, குழாய் வழியா ஜன்னலுக்குள்ள காத்தை விட்டாங்க. வண்டியோட சொந்த ஏசி கெட்டுப்போச்சு, ரிப்பேருக்குக் கட்டுப்படியாகல, சொந்தமா செஞ்சாங்க. அமெரிக்காவிலும் கார் ஏசி பரவறதுக்கு முன்னாடி தென்மேற்கு பாலைவனப் பக்கம் ஜன்னல்ல தொங்கவிடற தண்ணிக் கூலர் ஓடியிருக்கு. ரெண்டுமே காய்ஞ்ச ஊர். சென்னையில மே மாசம் உங்க வேர்வையே காயாது, துண்டு எங்கே காயும்? வேலூர், திருச்சி, மதுரைப் பக்கம் இருக்கிறவங்க ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு முயற்சி பண்ணலாம். மூடின வண்டிக்குள்ள ஈரத்துணி தொங்கினா புழுக்கம்தான் கூடும்.

2019 மே மாசம் அகமதாபாத்ல ஒருத்தர் கார் முழுக்க மாட்டுச்சாணி மெழுகின போட்டோ சுத்துச்சே, ஞாபகம் இருக்கா? நான் சிரிச்சேன். அப்புறம் என் பின்சீட்டுல இருந்த தெர்மோகோல் பெட்டியைப் பார்த்தேன்.

சன் ஃபிலிம் ஒட்டலாமான்னு எல்லாரும் கேட்பீங்க. 2012-ல சுப்ரீம் கோர்ட் கார் கண்ணாடியில கறுப்பு ஃபிலிம் ஒட்டக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. மோட்டார் வாகன விதி 100-படி முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கவாட்டுல 50 சதவீதம் வெளிச்சம் உள்ளே வரணும். பின்னாடி விதியைத் திருத்தினதை வெச்சு, 2024-ல கேரள உயர் நீதிமன்றம் இந்த அளவுக்குள்ள இருக்கிற ஃபிலிம் ஒட்டலாம்னு தீர்ப்பு சொல்லியிருக்கு. சிக்னல்ல நிறுத்தற போலீஸ்காரர்கிட்ட அந்தத் தீர்ப்பை எடுத்து வாதாடற தெம்பு இருந்தா ஒட்டுங்க. எனக்கு இல்லை. நிக்கிற வண்டியில எதை வேணா மாட்டலாம், ஓட்டும்போது கழட்டிடறதுதான் நல்லது.

சரி, 2023 மே.

வேலூர்ல சொந்தக்காரங்க கல்யாணம். அப்பாவுக்கு அப்போ 68 வயசு, பிரஷர் மாத்திரை சாப்பிடறவர். முகூர்த்தம் முடிஞ்சு, சாப்பிட்டுட்டு, மத்தியானம் ஒரு மணிக்குக் கிளம்பினோம். முன்னாடி நானும் மனைவியும், பின்னாடி அப்பாவும் ஐஸ் பெட்டியும். "பஸ்ல வந்துடறேன்டா"ன்னு அவர் முதல்ல சொன்னார். "எதுக்குப்பா, நம்ம வண்டி இருக்கும்போது"ன்னு நான்தான் ஏத்தினேன். வாலாஜா தாண்டும்போதே ஐஸ் தண்ணியாயிடுச்சு. ஜன்னலைத் திறந்தா அடுப்பு வாயைத் திறந்த மாதிரி காத்து. காவேரிப்பாக்கம் பக்கத்துல மனைவி திரும்பிப் பார்த்து, "மாமா ஏன் பேசவே மாட்டேங்கறீங்க?"ன்னு கேட்டா. பதில் இல்லை. கண்ணு சொருகியிருந்தது.

ஓரமா ஒரு டீக்கடையில நிறுத்தினோம். அந்தக் கடைக்கார அம்மா நாங்க சொல்றதுக்கு முன்னாடியே ஒரு குடம் தண்ணியைக் கொண்டுவந்து அவர் கழுத்துலயும் கையிலயும் ஊத்தினாங்க. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில அரை நாள், டிரிப்ஸ், ரத்தப் பரிசோதனை, பில் 6,800 ரூபாய். சில பிரஷர் மாத்திரைகள் உடம்புல இருக்கிற நீரை வெளியேத்தும், வெயில்ல ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்னு டாக்டர் சொன்னார். அப்பா கண்ணு முழிச்சதும் சொன்ன முதல் வார்த்தை: "ஒண்ணுமில்லடா, வெயில்தான். பில்லு எவ்வளவு?"

மிச்சம் பிடிக்கிற புத்தி எனக்கு எங்கிருந்து வந்ததுன்னு அன்னிக்குத் தெரிஞ்சது.

அடுத்த வாரம் உட்கார்ந்து கணக்கு போட்டேன். மூணு கோடையில ஷேட், ஃபேன், சோலார், குஷன், பெட்டி எல்லாம் சேர்த்து 5,650. வருஷா வருஷம் ஏத்தின கேஸ், தடவைக்கு 1,800-ன்னு மூணு தடவை, 5,400. ஐஸ் மட்டும் ஒரு நாற்பது நாள் வாங்கியிருப்பேன், 2,400. ஆக 13,450. ஆஸ்பத்திரியைச் சேர்த்தா 20,250. அப்புறம் ஒரு தெரிஞ்ச ஏசி மெக்கானிக் அண்ணன்கிட்ட வண்டியை விட்டேன். அவர் கேஸ் ஏத்தறதுக்கு முன்னாடி நைட்ரஜன் அடிச்சு லீக் பார்த்தார். கண்டென்சர் ஓட்டை. கண்டென்சர் 6,500, டிரையர் 1,200, எக்ஸ்பான்ஷன் வால்வு 2,000, கேஸ் 1,800, கூலி 2,700. மொத்தம் 14,200. அதுக்கப்புறம் ரெண்டு கோடை தாண்டி இது மூணாவது. இன்னும் கேஸ் ஏத்தல.

இதை மட்டும் நல்லா மனசுல வாங்கிக்கங்க. கார் ஏசியில கேஸ் பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீர்றது இல்லை. அது மூடின குழாய்க்குள்ள சுத்திச் சுத்தி வர்றது. வருஷா வருஷம் ஏத்த வேண்டியிருக்குன்னா எங்கேயோ ஒழுகுது. ஒழுகற இடத்தைக் காட்டாம கேஸ் மட்டும் ஏத்திவிடற கடைக்கு நீங்க சந்தா கட்டறீங்கன்னு அர்த்தம். அதேபோல எடுத்தவுடனே "கம்ப்ரஸர் போச்சு"ன்னு யாராவது சொன்னா இன்னொரு இடத்துல காட்டுங்க. கேபின் ஃபில்டர் அடைச்சிருக்கலாம், கண்டென்சர் ஃபேனோட ரிலே போயிருக்கலாம், முன்னாடி கிரில் முழுக்கத் தூசியா இருக்கலாம். இதெல்லாம் சில நூறு ரூபாய் சமாச்சாரம்.

தம்பியோட புது காருக்கு வருவோம். எட்டு லட்சம் கடன், 9.5 சதவீத வட்டி, ஏழு வருஷம். ஈஎம்ஐ 13,075 ரூபாய். மொத்த வட்டி மட்டும் சுமார் 2,98,000. சம்பளக்காரங்க சொந்தக் கார் கடன் வட்டியை வருமான வரியில கழிக்கவும் முடியாது. என்னோட முழு ரிப்பேர் பில், அவனோட ஒரு மாச ஈஎம்ஐயைவிட 1,125 ரூபாய்தான் அதிகம். அவன் 84 மாசம் கட்டணும்.

"வண்டி விலையே ஒரு லட்சம், அதுல போய் 14,000 போடலாமா?"ன்னு நிறைய பேர் கேட்கிறாங்க. இந்தக் கேள்வியே தப்புன்னு நான் நினைக்கிறேன். ரிப்பேர் செலவை வண்டியோட விற்பனை விலையோட ஒப்பிடாதீங்க, நீங்க விக்கப் போறதில்லையே. அந்த வண்டி இல்லாம அடுத்த ரெண்டு வருஷத்தை ஓட்ட என்ன செலவாகும்னு பாருங்க, அதோட ஒப்பிடுங்க. ஏசி போட்டா மைலேஜ் குறையுமேன்னு கேட்டா, எனக்குத் தினம் 22 கிலோமீட்டர், மாசம் 22 நாள். லிட்டருக்கு 14 ஓடினது 12.5 ஆச்சு. பெட்ரோல் 101 ரூபாய்னு வெச்சா மாசம் 420 ரூபாய் கூடுதல். ஐஸைவிட மலிவு.

எப்பவுமே ரிப்பேர்தான் சரின்னு சொல்ல மாட்டேன். அடித்தட்டு துருப்பிடிச்சு, இன்ஜினும் புகையுதுன்னா ஏசிக்குச் செலவு பண்றது வீண். 15 வருஷம் முடிஞ்ச வண்டின்னா பதிவைப் புதுப்பிக்கக் கட்டணமே 5,000 ரூபாய், தகுதிச் சோதனையில தேறணும். என் வண்டிக்கு இந்த வருஷம்தான் அது. தேறலன்னா நானும் ஷோரூம் வாசல்ல நிப்பேன். தனியா ஓட்டற பேச்சிலர், காலையில எட்டு மணிக்குப் போய் ராத்திரி ஒன்பதுக்கு வர்றவர்னா, ஷேட்டும் ஒரு பாட்டில் தண்ணியுமே போதும். டூவீலர்ல போறவங்க நம்ம புலம்பலைக் கேட்டா சிரிப்பாங்க. பின்சீட்டுல வயசானவங்களோ கைக்குழந்தையோ உட்காருவாங்கன்னா கணக்கு வேற. அவங்க பெரும்பாலும் வாய் திறந்து சொல்ல மாட்டாங்க, அதைத்தான் நான் எக்செல்ல சேர்க்காம விட்டேன்.

செய்யறதா இருந்தா மார்ச்சுலயே செய்யுங்க. மே மாசம் ஏசி கடைகள்ல வரிசை நிக்கும், பேரம் பேச முடியாது. ஒயரை வெட்டி ஃபேன், லைட்டுன்னு எதையும் இழுக்காதீங்க. நாளைக்குத் தீப்பிடிச்சா இன்ஷூரன்ஸ்காரங்க முதல்ல தேடறது அந்த ஒயரைத்தான். பவர் பேங்க், சென்ட் பாட்டில், லைட்டர் எதையும் வெயில்ல நிக்கிற வண்டியில விட்டுட்டுப் போகாதீங்க.

தெர்மோகோல் பெட்டி இப்போ எங்க மொட்டை மாடியில இருக்கு. அம்மா அதுல கொத்தமல்லி போட்டிருக்காங்க.

தம்பிகிட்ட இதையெல்லாம் ஒரு மணி நேரம் சொன்னேன். பொறுமையா கேட்டான், தலையாட்டினான், அடுத்த சனிக்கிழமை போய் கார் புக் பண்ணிட்டான். வெள்ளை கலர். "கறுப்பு வேண்டாம், சூடு இழுக்கும்னு நீங்கதானே சார் சொன்னீங்க"ன்னான்.