சம்பளத்திலும் வருணாசிரமமா?

நமது நாட்டில் யாரை ஏமாற்ற வேண்டுமானாலும் முதலில் அவரைத் தெய்வமாக்கிவிடுவது வழக்கம். பெண்ணைத் தெய்வமென்று சொல்லி அடுப்பங்கரையில் பூட்டினார்கள். அதுபோலவே உபாத்தியாயரையும் தெய்வமென்று சொல்லி, அவர் கூலி கேட்டால் தெய்வத்துக்குக் கூலி எதற்கு என்று வாயை அடைக்கப் பார்க்கிறார்கள். உபாத்தியாயர் தெய்வமும் அல்ல, மகானும் அல்ல. பிள்ளைகளுக்கு அறிவு புகட்டுகின்ற ஒரு வேலைக்காரர். அவ்வேலைக்குத் தக்க கூலி கொடுக்கப்படுகிறதா, இல்லையா என்பதுதான் கேள்வி.

கொல்லிமலையை எடுத்துக்கொள்ளுவோம். நாமக்கல் ஜில்லாவில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் 14 ஊராட்சிகள் இருக்கின்றன. மலையாளி என்னும் மலைவாசிகள் மிளகும், காப்பியும், சாமையும், மரவள்ளியும் பயிர் செய்து ஜீவிக்கின்றார்கள். பட்டணத்துப் பிள்ளைக்கு ஒரு வாத்தியார் வராவிட்டால் வீட்டில் படித்த தகப்பன் இருக்கிறான். தெருக்கோடியில் டியூஷன் இருக்கிறது. மலைமேல் சிதறிக் கிடக்கும் சிற்றூர்ப் பிள்ளைக்கு அந்த ஒரு வாத்தியாரை விட்டால் வேறு வழி கிடையாது. ஆகவே உபாத்தியாயர் சம்பளத்தில் செய்யப்படும் ஒவ்வொரு புரட்டும் கடைசியில் அந்தப் பிள்ளையின் தலையிலேயே வந்து விடிகின்றது.

நிற்க, நமது ராஜ்யத்துச் சர்க்கார் பள்ளிக்கூடங்களுக்கு, மலையானாலும் சமவெளியானாலும், வகுக்கப்பட்ட சம்பள முறையின் யோக்கியதையைச் சற்றுப் பார்ப்போம்.

இடைநிலை ஆசிரியர்களில் 2009 மே 31க்குள் வேலைக்கு வந்தவருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370 ரூபாய் என்று அப்போது வகுக்கப்பட்டது. அதற்கு மறுநாள் ஜூன் 1 முதல் வந்தவருக்கு 5,200 ரூபாய். படிப்பு ஒன்று, பாடம் ஒன்று, பிள்ளைகள் ஒன்று. தேதி மாத்திரம் வேறு. அந்தத் தேதிக்கு அன்று போட்ட விலை மாதம் 3,170 ரூபாய்! இன்ன வயிற்றில் பிறந்ததால் உயர்ந்தவன், இன்ன வயிற்றில் பிறந்ததால் தாழ்ந்தவன் என்று மனு எழுதி வைத்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். இந்த அநீதியை எதிர்த்து 2018லும், 2022லும், 2023லும் உபாத்தியாயர்கள் சென்னையில் கல்வி இலாகா வளாகத்திலேயே பட்டினி கிடந்தார்கள்.

இவை முதல் இரண்டு வருணங்கள். மூன்றாவது வருணம், 2012இல் நியமிக்கப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்கள். ஓவியம், தையல், தேகப்பயிற்சி, கம்ப்யூட்டர் முதலியவைகளுக்கு வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. ஆரம்பச் சம்பளம் 5,000 ரூபாய். பன்னிரண்டு வருஷம் கழித்து 2024இல்தான் அது 12,500 ஆயிற்று. மே மாதத்துக்குச் சம்பளம் இல்லை என்பது ஆதிமுதல் இருந்த ஏற்பாடு. மே மாதத்தில் உபாத்தியாயருக்கு வயிறு இராதா? 1953இல் இராஜகோபாலாச்சாரியார் பிள்ளைகளுக்கு அரைநாள் படிப்புப் போதும் என்றார். நாடு கொதித்தெழுந்தது, 1954இல் அத்திட்டம் ஒழிந்தது. அரைநாள் படிப்பை ஒழித்த அதே நாட்டில் அரைநாள் உபாத்தியாயரை எப்படிச் சகித்துக்கொண்டோம்? அரைநாள் வேலைக்காக 70 வளைவு ஏறி இறங்குகிறவருக்கு மிச்ச அரைநாளில் வேலை கொடுப்பவன் யார்?

நான்காவது வருணம், 2022இல் காலியாயிருந்த 13,331 இடங்களுக்குத் தற்காலிகமாக அறிவிக்கப்பட்டவர்கள். இடைநிலை ஆசிரியருக்கு முதலில் சொன்ன சம்பளம் மாதம் 7,500 ரூபாய். மாதம் 26 நாள் என்று கணக்கிட்டால் நாளொன்றுக்கு 288 ரூபாய். அதே வருஷத்தில் நமது ராஜ்யத்தில் நூறு நாள் வேலைக்கு நாட்கூலி 281 ரூபாய். மண் வெட்டுகிறவரின் கூலியை நாம் குறை சொல்லவில்லை. அதுவும் போதாது என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் பன்னிரண்டு வகுப்பும், இரண்டு வருஷப் பயிற்சியும் முடித்ததற்குச் சர்க்கார் போட்ட விலை 7 ரூபாய் என்பதைப் பொதுஜனங்கள் அறிய வேண்டாமா? பின்னால் அது 12,000 ஆக்கப்பட்டது. ஆனாலும் நிரந்தரமானவர் வரும் வரையில்தான் அந்த இடம். நாளை இருப்போமா என்று தெரியாதவர் வேறு வேலை கிடைத்ததும் நடுவருஷத்தில் மலையிறங்கினால் அவர்மேல் என்ன குற்றம்?

நாலு வருணம் இருந்தால் பஞ்சமரும் இருக்க வேண்டுமல்லவா? 2021இல் துவங்கிய இல்லம் தேடிக் கல்வியில் சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். தொண்டு என்று பெயர் வைத்தால் கூலி குறையும் என்பது எவ்வளவு சௌகரியமான ஏற்பாடு!

"உபாத்தியாயர்கள் லட்ச ரூபாய் வாங்குகிறார்களே" என்று சிலர் சொல்லுவார்கள். சீனியர்கள் சிலர் அப்படி வாங்கலாம். முழுச் சம்பளமும் வாங்கிக்கொண்டு மலையேறாமல் கையெழுத்துப் போடுகிறவன் எவனாவது இருந்தால் அவனுக்கு நாம் வக்கீல் அல்ல. ஆனால் மேல் வருணத்தான் நெய்ச்சோறு தின்பதைக் காட்டி, கீழ் வருணத்தானுக்குப் பசியில்லை என்று வாதிப்பது என்ன நியாயம்?

"சம்மதித்துத்தானே வந்தார்கள்" என்பார்கள் வேறு சிலர். குடும்பம் பட்டினி கிடக்கும்போது கொடுக்கும் சம்மதம் சம்மதமல்ல என்பதைச் சுப்ரீம் கோர்ட்டே 2016இல் பஞ்சாப் வழக்கில் ஒப்புக்கொண்டது. தற்காலிக ஊழியருக்கும் சம வேலைக்குச் சம கூலி வேண்டும் என்றது. 2025 ஆகஸ்டில் குஜராத் ஒப்பந்த உபாத்தியாயர் வழக்கில், குருவைத் தெய்வமாக்கும் சுலோகத்தைக் கூட்டங்களில் ஓதினால் போதாது, நடத்தையில் காட்ட வேண்டும் என்றும் சொல்லிற்று. நாம் நூறு வருஷமாய்ச் சொல்லி வருவது இப்போது கோர்ட்டுக் காதிலும் விழுந்திருக்கிறது. சர்க்கார் காதில் விழுவது எப்போது?

வேடிக்கை என்னவென்றால், புலவருக்கு அள்ளிக் கொடுத்தான் என்பதற்காக வல்வில் ஓரிக்குச் செம்மேட்டில் சிலை நிற்கிறது; ஆடி மாதத்தில் சர்க்காரே விழா நடத்துகிறது. உபாத்தியாயர் இன்று எந்த வள்ளலையும் பாட வரவில்லை. யானையும் பொன்னும் கேட்கவில்லை. செய்த வேலைக்குச் சம்பளம் கேட்கிறார். வள்ளல்தனம் கொடுப்பவனுக்குப் பெருமை. சம்பளமோ வாங்குகிறவனின் உரிமை. அதனால்தான் சர்க்காருக்கு முன்னது இனிக்கிறது, பின்னது கசக்கிறது.

ஆகவே, கொல்லிமலைத் தோழர்களே! மற்ற ஊர்த் தோழர்களே! இது உபாத்தியாயர் பாடு, நமக்கென்ன என்றிருக்க வேண்டாம். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து, எங்கள் பள்ளிக்கூடத்தில் எத்தனை உபாத்தியாயர்கள், அவர்களுக்குள் எத்தனை விதச் சம்பளம், எத்தனை இடம் காலி என்று கணக்குக் கேளுங்கள். பதிலைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். ஒரே பள்ளிக்கூடத்திற்குள் நாலு வருணத்தை வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு மாத்திரம் சமத்துவப் பாடம் நடத்த முடியாது.