பழைய சம்பளமும் புதிய வேலையும்

வேலை தேடிப் போகின்றவர்களை இன்று பல கம்பெனிக்காரர்கள், "உனக்கு என்ன தெரியும்?" என்பதோடு நில்லாமல், "இதற்கு முன் என்ன சம்பளம் வாங்கினாய்?" என்றும் கேட்கின்றார்கள். கூட்டிச் சொல்லலாமா, உள்ளதைச் சொல்வதா என்று வாலிபர்கள் திகைக்கின்றார்கள்.

கூட்டிச் சொல்வது புத்திசாலித்தனமல்லவென்பதே நமது அபிப்பிராயம். சம்பளச் சீட்டும், பாங்கிக் கணக்கும், வருமான வரிப் படிவம் 16-ம் கேட்கப்படுகின்ற காலத்தில் பொய் எத்தனை நாள் நிற்கும்? வெளிப்பட்டால் வேலையும் போய், மானமும் போகும்.

ஆனால், தொழிலாளிக்கு மாத்திரம் உண்மையை உபதேசிக்கின்ற யோக்கியர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். சந்தையில் கத்தரிக்காய் வாங்குகின்றவன், போன வாரம் என்ன விலைக்கு விற்றாய் என்றா கேட்கின்றான்? பழைய ஆளுக்குத் தான் கொடுத்த சம்பளத்தைக் கம்பெனி புதிய ஆளுக்குச் சொல்லுமா? தன் கணக்கை மூடிக்கொண்டு பிறன் மடியை அவிழ்த்துப் பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

ஓரிடத்தில் குறைந்த கூலி கொடுத்து ஏய்க்கப்பட்டவர்கள், முக்கியமாய்ப் பெண்கள், போகின்ற இடமெல்லாம் அந்தக் குறைவையே சுமந்து திரியவேண்டியதுதானா? இந்த அநீதியை உணர்ந்தே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணம் 2016-ல் சட்டம் செய்து, 2018 முதல், சம்பளம் பேசி முடிக்குமுன் இக்கேள்வி கேட்பதைத் தடுத்தது. ஐரோப்பிய யூனியனும் 2023-ல் அவ்வாறே கட்டளையிட்டது. நமது நாட்டிலோ அப்படியொரு சட்டம் இல்லை.

ஆகவே தோழர்களே! பொய்யும் வேண்டாம், பயமும் வேண்டாம். "இந்த வேலைக்கு இவ்வளவு வேண்டும்" என்று முதலில் நீங்களே சொல்லுங்கள். வற்புறுத்தினால் உள்ளதைச் சொல்லி, "அது அந்த வேலைக்குக் கொடுத்த கூலி, என் விலையல்ல" என்று துணிந்து கூறுங்கள்.