மலைமேல் உங்கள் பெயர் எதற்கு?

நாமக்கல்லுக்கு வருபவர் கண்ணில் முதலில் படுவது ஊர் அல்ல, கல். சமவெளியின் நடுவே ஏறத்தாழ 65 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் ஒரே பாறை அது. அனுமன் கண்டகி ஆற்றிலிருந்து கொண்டுவந்த சாளக்கிராமம், கமலாலயக் குளக்கரையில் இறக்கி வைத்ததும் மலையாக வளர்ந்துவிட்டது என்கிறது தலபுராணம். பூகோள ஆசிரியையைக் கேட்டால், சுற்றிலும் இருந்த உறுதியற்ற பாறை வெயிலிலும் மழையிலும் பல இலட்சம் ஆண்டுகளாகத் தேய்ந்துபோக, கெட்டியானது மட்டும் எஞ்சி நிற்கிறது என்பார். இரண்டையும் தெரிந்துகொள்வதில் நட்டமில்லை.

பிளாசிப் போர் நடந்த ஆண்டைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் நம் மாணவியருக்கு, 1768-இல் இந்த மலைக்கோட்டையை ஆங்கிலக் கும்பினியார் பிடித்ததும், சில மாதங்களில் ஐதர் அலி மீட்டுக்கொண்டதும் தெரியுமா? கோட்டையைக் கட்டியவர் சேந்தமங்கலம் பாளையக்காரர் இராமச்சந்திர நாயக்கர் என்பர். உள்ளே ஒரு பெருமாள் கோவிலும் உண்டு, முஸ்லிம்களின் வழிபாட்டிடமும் உண்டு. கணித மேதை இராமானுஜனின் குடும்பம் வணங்கிய நாமகிரித் தாயாரும் இந்த மலையடிவாரத்தில்தான் இருக்கிறார். உப்புச் சத்தியாக்கிரகத்துக்குப் பாட்டெழுதிய நாமக்கல் கவிஞர் பெயரோடு ஊரையும் சேர்த்துச் சொல்கிறோம். பாடப் புத்தகத்தில் இல்லாததால் இதெல்லாம் வரலாறு இல்லை என்றாகிவிடுமா?

தெரியாதது கூடப் பெரிய குறையல்ல, கேட்டால் தெரிந்துவிடும். என் வருத்தம் வேறு. கோட்டைச் சுவரை நெருங்கிப் பாருங்கள். கரியாலும் சாயத்தாலும் கூரான ஆணியாலும் எழுதிய பெயர்கள், பெயர்களுக்கு நடுவே இதயப் படங்கள், தேர்வு எண்கள்! பையன்கள் செய்வது என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. பெண் கையெழுத்தும் அங்கே இருக்கத்தான் செய்கிறது.

இதைச் சொன்னால், "அரசன் மட்டும் பாறையில் பெயர் பொறிக்கலாமா?" என்று கெட்டிக்கார மாணவி ஒருத்தி கேட்கக்கூடும். நல்ல கேள்விதான். கிழக்குப் பக்கத்து அரங்கநாதர் குகையில் அதியர் குலத்துக் குணசீலன் பெயர் கிரந்த எழுத்தில் இருப்பது உண்மை. மேற்கே நரசிம்மர் குகை. இவற்றை எட்டாம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். ஆனால் அவன் காலத்தில் முதலில் பாறையைக் குடைந்தார்கள். எந்திரமில்லாமல், உளியும் சுத்தியலும் கொண்டு, ஒரு கொத்து தவறினாலும் ஒட்டவைக்க முடியாத கல்லில் தூணையும் சிற்பத்தையும் எடுத்தார்கள். அதன் பிறகே பெயர். அதுவும் அந்த இடத்தின் பெயர், 'அதியேந்திர விஷ்ணுகிருகம்'. உளி பிடித்த சிற்பியோ தன் பெயரைப் பெரிதாக எழுதி வைக்கவில்லை. நான் அவனைத்தான் அதிகம் மதிக்கிறேன். இரண்டு நிமிடத்தில் சுவரைக் கீறிவிட்டு இறங்குகிறவர் இவர்களில் யாரோடு தம்மை ஒப்பிடுவார்?

கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. இத்தகைய சின்னங்களைச் சிதைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என 2010-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆயினும் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு காவலரை நிறுத்த முடியுமா?

எட்டாம் வகுப்பு மாணவியரை ஆண்டுக்கொரு முறை மலைக்கு அழைத்துச் செல்லலாம் என்பது என் யோசனை. உல்லாசப் பயணமாக அன்று, வரலாற்றுப் பாடமாக. கண்டதை அவரவர் குறிப்பேட்டில் எழுதட்டும், தூணின் வடிவை வரையட்டும். சிறந்த கட்டுரையை இந்த மலரில் அச்சிடலாம். மலைமேல் பெயர் எழுதும் ஆசையும் அதில் தீர்ந்துவிடும். பெற்றோரும் உடன் வந்தால் நல்லது. அவர்களிலும் பலர் அடிவாரத்தோடு திரும்பியவர்களே.

வெயில் ஏறினால் படிகள் சுடும், ஆகவே காலையிலேயே புறப்பட வேண்டும். தண்ணீர், குறிப்பேடு, பென்சில் போதும். காம்பஸ் இருக்கும் ஜாமெட்ரி பாக்ஸ் வகுப்பிலேயே இருக்கட்டும்.